மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து குதிக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. பட்டியலின் அடியில் கிடக்கும் ஒரு சின்ன கால்பந்து அணிக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ரசிகன். என் மனைவியின் அண்ணன், முதலிடத்தில் இருக்கும் பெரிய அணியின் பரம ரசிகர். அவர்கள் மைதானத்தில் எங்கள் மேட்ச் வந்தபோது அவரே டிக்கெட் எடுத்துக் கூட்டிப்போனார். சுற்றிலும் அவர்கள் ஆட்கள். "வாயைத் திறக்கக் கூடாது, சரியா?" என்று சொல்லித்தான் உட்கார வைத்தார். 88வது நிமிடம் வரை அப்படியே இருந்தேன். ஒரு கார்னர், ஒரு ஹெட்டர், கோல். அப்புறம் நான் செய்தது எனக்கே முழுதாக ஞாபகமில்லை. எழுந்து குதித்திருக்கிறேன், கத்தியிருக்கிறேன், முன்வரிசைக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறேன். பாதுகாப்பு ஊழியர் வந்து வெளியே கூட்டிப்போய் நிறுத்திவிட்டார். கடைசி விசிலை படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுதான் கேட்டேன். அங்கேயே அழுதுவிட்டேன். கூட்டம் கலையட்டும் என்று மச்சான் படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அதைப் படம் எடுத்து, ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சிரிப்புப் பொம்மைகளோடு போட்டேன். அன்றிலிருந்து அவர் என்னுடன் பேசுவதில்லை. மனைவியும் முகம் கொடுப்பதில்லை. பதவி உயர்வு வந்தபோதுகூடக் கண் கலங்காதவன் இதற்கு ஏன் அழுதேன்? ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவன், இது உடம்புக்கு ஆபத்தா? குரல் இன்னும் சரியாகவில்லை. நான் செய்தது தப்பா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்

பதில் (விளையாட்டு உளவியல் ஆலோசகர்):

முதலில் வாழ்த்துகள். கடிதம் முழுக்கக் குற்றவுணர்ச்சிதான் இருக்கிறது. அந்த கோலைப் பற்றி ஒரு வரிகூட ஆசையாக எழுதவில்லை நீங்கள். கடைசி இடத்து அணி, முதலிடத்து அணியை அதன் சொந்த மைதானத்திலேயே சாய்ப்பது எத்தனை முறை நடக்கும்? அதை நேரில் பார்த்திருக்கிறீர்கள். அந்தச் சந்தோஷத்துக்கு நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது வேறொன்றுக்கு. அதற்கு வருகிறேன்.

(நான் எந்த அணியின் ரசிகன் என்று கேட்டுவிடாதீர்கள். சொன்னால் வாசகர்களில் பாதிப் பேர் என்னிடம் ஆலோசனை கேட்பதையே நிறுத்திவிடுவார்கள்.)

அழுகையிலிருந்து தொடங்குவோம். பதவி உயர்வு எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். மேலதிகாரி முன்பே ஜாடைமாடையாகச் சொல்லியிருப்பார். கோப்பு நகர்வது காதில் விழுந்திருக்கும். உத்தரவு கைக்கு வருவதற்குள் அந்த மகிழ்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து முடித்திருப்பீர்கள். கோல் அப்படி வரவில்லை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே, நாலு கோல் வாங்காமல் திரும்பினால் போதும் என்றுதானே நினைத்திருப்பீர்கள்?

நம் மூளை பரிசின் அளவை மட்டும் பார்ப்பதில்லை. நினைத்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள தூரத்தையும் அளக்கிறது. குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களை அளந்த வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளரின் குழு 1990களில் இதைத் தெளிவாகக் காட்டியது. பழச்சாறு எதிர்பாராமல் கிடைத்தால் அந்த செல்கள் துள்ளுகின்றன. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று பழகிவிட்ட குரங்குக்கு விளக்கு எரியும்போதே துள்ளல் முடிந்துவிடுகிறது. சாறு வரும்போது ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மச்சான் பேச்சு வரும்போது தேவைப்படும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்தது. மற்ற ரசிகர்கள் ஒன்றரை மணி நேரமும் கத்தி, திட்டி, பாட்டுப் பாடித் தங்கள் பதற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டே இருப்பார்கள். நீங்கள் 88 நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் கோல்கீப்பர் ஒரு பந்தைத் தட்டிவிட்டபோது கைகூடத் தட்டவில்லை. பெரிய இறுக்கம் ஒரு நொடியில் விடும்போது அழுகை வருவது உடம்பின் இயல்பு. காணாமல் போன குழந்தை கிடைத்ததும் தாய் அழுவதில்லையா, அந்த வகைக் கண்ணீர்தான் இது. பதவி உயர்வைவிட கால்பந்து உங்களுக்குப் பெரிது என்று இதற்கு அர்த்தமில்லை. மனைவி அப்படிச் சொல்லிக் காட்டினால் இந்தப் பத்தியைக் காட்டுங்கள்.

அந்த வெற்றி உண்மையிலேயே எவ்வளவு அரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'இதற்குப் போயா' என்ற கேள்வி உங்கள் கடிதத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எதிரணி மைதானத்தில் ஆடுகிறவர்கள் எதிரில் நிற்கும் பதினொரு பேரோடு மட்டும் ஆடுவதில்லை. 2002இல் வெளியான ஓர் ஆய்வில், நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்கு கூட்டத்தின் இரைச்சலோடு, மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல். இரைச்சலைக் கேட்ட நடுவர்கள் சொந்த மைதான அணிக்கு எதிராக ஏறக்குறைய 15 விழுக்காடு குறைவாக ஃபவுல் கொடுத்தார்கள். ஸ்பெயின் லீக்கை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் இன்னொன்றைக் கண்டார்கள்: சொந்த மைதான அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் ஆட்டத்தில் வீணான நேரத்துக்கு ஈடாகத் தரும் கூடுதல் நேரத்தை நடுவர் தாராளமாகக் கொடுக்கிறார், அதே அணி ஒரு கோல் முன்னே இருந்தால் சீக்கிரம் விசில் ஊதிவிடுகிறார். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை. அத்தனை பேர் கத்தும்போது மனித மனம் கொஞ்சம் சாய்கிறது, அவ்வளவுதான். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் காலி மைதானங்களில் ஆடியபோது பல லீக்குகளில் இந்தச் சொந்த மைதானச் சாதகம் சுருங்கிப்போனதை எல்லோரும் பார்த்தோம்.

படிக்கட்டில் நின்று அந்தக் கடைசி நிமிடங்களை நீங்கள் எப்படிக் கழித்தீர்கள் என்பதை என்னால் கற்பனை செய்ய முடிகிறது.

நல்ல வேளையாக, கால்பந்து சின்ன அணிகளிடம் இரக்கமுள்ள விளையாட்டு. கோல்கள் குறைவு என்பதால் ஒரு கார்னரே ஆட்டத்தைத் தீர்த்துவிடும். கூடைப்பந்தில் நூறு புள்ளிக்கு ஆடும்போது திறமைக்காரன் எப்படியும் மேலே வந்துவிடுவான். கால்பந்தில் வராமலும் போகலாம். 2021 செப்டம்பர் 28 அன்று மால்டோவாவின் ஷெரிஃப் டிராஸ்போல் அணி, ஸ்பெயினின் பெரிய அணியான ரியல் மாட்ரிட்டை அதன் சான்டியாகோ பெர்னபியூ மைதானத்திலேயே 2–1 என்று வென்றது. ஐரோப்பிய அணிகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீகின் பிரதானச் சுற்றுக்கு ஷெரிஃப் வந்ததே அதுதான் முதல் முறை. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் செபாஸ்டியன் தில் தூரத்திலிருந்து அடித்த பந்து வலையின் மேல் மூலையில் போய்ச் செருகியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் வடக்கு மாசிடோனியா, இத்தாலிக்கே போய் ஐரோப்பியச் சாம்பியனான இத்தாலியை 1–0 என்று வென்று, அவர்களை உலகக் கோப்பைக்கே போகவிடாமல் செய்தது. இத்தாலி முப்பதுக்கும் மேற்பட்ட முறை கோலை நோக்கி அடித்தது. மாசிடோனியாவின் கோல் வந்தது 92வது நிமிடத்தில்.

இதில் உங்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு. ஷெரிஃப் அந்தப் போட்டியின் அடுத்த ஆட்டத்தில் இத்தாலியின் இன்டர் மிலானிடம் தோற்றது. ரியல் மாட்ரிட் பதில் ஆட்டத்தில் 3–0 என்று திருப்பிக் கொடுத்தது; அந்தப் பருவத்தின் கோப்பையையும் அதுதான் தூக்கியது. அடுத்த வாரம் உங்கள் அணி மூன்று கோல் வாங்கினால் இந்த வெற்றி பொய்யாகிவிடாது. ஆனால் இந்த வெற்றியை வைத்து மச்சானிடம் 'இனிமே பாருங்க' என்று சவால் விட்டிருந்தால், அதைச் சத்தமில்லாமல் வாபஸ் வாங்கிவிடுங்கள்.

சரி, இப்போது 'தப்பா' என்ற கேள்வி. அதற்குள் நீங்கள் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறீர்கள்: குதித்தது ஒன்று, படம் போட்டது இன்னொன்று.

குதித்ததைப் பற்றி எனக்குப் பெரிய புகார் இல்லை. அது யோசித்துச் செய்ததல்ல. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஊழியர் மீது மனதில் கோபம் ஏதும் இருந்தால் விட்டுவிடுங்கள். எதிரணி ரசிகர்களைத் தனிப் பகுதியில் உட்கார வைப்பது உலகம் முழுக்க வழக்கம். சொந்த அணி ரசிகர்களின் பகுதியில் எதிரணிச் சட்டை போடவோ, எதிரணி கோலைக் கொண்டாடவோ கூடாது என்று பல மைதானங்களின் விதிகளிலேயே இருக்கிறது. கடைசி நிமிடத்தில் கோல் வாங்கிய கூட்டத்துக்கு நடுவில், முன்பின் தெரியாத ஒருவர் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறீர்கள். அவர் நல்ல மனிதர். வேறொருவராக இருந்திருந்தால் உங்கள் கடிதம் மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும். ஊழியர் உங்களைத் தண்டிக்கவில்லை, காப்பாற்றினார். இனிமேல் எதிரணி மைதானத்துக்குப் போனால் விருந்தினர் ரசிகர் பகுதியில் டிக்கெட் எடுங்கள். வாயை மூடிக்கொண்டு உட்காருகிறேன் என்று மச்சானுக்கு வாக்குக் கொடுத்தது நடைமுறைக்கு ஒத்துவராத வாக்கு. அதைக் கொடுத்ததுதான் அந்த நாளின் முதல் பிசகு, அதில் கேட்டவருக்கும் பங்கு உண்டு.

படம் அப்படியல்ல. கோல் விழுந்தது 88வது நிமிடத்தில். படம் குழுவில் ஏறியது ராத்திரி. நடுவில் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சாப்பிட்டு, போனை எடுத்து, படத்தைத் தேர்ந்தெடுத்து, பொம்மைகளையும் தேடிப் போட்டிருக்கிறீர்கள். இது உணர்ச்சி வேகம் அல்ல. வெற்றி பெற்ற ரசிகர்களின் உடம்பில், அவர்கள் வெறுமனே டிவி பார்த்தவர்களாக இருந்தாலும், டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஏறுவதை 1994 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் பார்த்த பிரேசில் ரசிகர்களிடம் அளந்திருக்கிறார்கள். தோற்ற இத்தாலி ரசிகர்களிடம் அது இறங்கியிருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு 'நான் யார் தெரியுமா' என்ற மிதப்பு ஏன் வந்தது என்பதற்கு ஓரளவு விளக்கம் தரும். விளக்கம்தான், சாக்கு அல்ல.

என் தொழிலில் நான் கவனமாகப் பிரித்துப் பார்க்கும் இடம் இதுதான். நம் அணி ஜெயித்ததில் வரும் மகிழ்ச்சியும், அடுத்தவர் தோற்றதில் வரும் மகிழ்ச்சியும் உள்ளே ஒரே மாதிரிதான் இனிக்கின்றன. பரம வைரிகளான இரண்டு அமெரிக்க பேஸ்பால் அணிகளின் ரசிகர்களை ஸ்கேன் செய்து பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, எதிரணி சறுக்கும்போதும் மூளையின் பரிசுப் பகுதி விழித்துக்கொள்வதைக் கண்டது. அந்தப் பகுதி அதிகமாக விழித்தவர்கள், எதிரணி ரசிகரைத் திட்டவோ தாக்கவோ வாய்ப்பு அதிகம் என்று தாங்களே சொல்லியிருந்தார்கள். படிக்கட்டில் நின்று அழுதீர்களே, அது முதல் வகை. அங்கே உங்கள் கண்ணில் மச்சானே இல்லை, உங்கள் அணி மட்டும்தான். படம் எடுத்த நிமிடத்தில் உங்கள் அணி எங்கோ போய்விட்டது, மச்சான் மட்டும்தான் இருந்தார்.

அவர் எதை அனுபவித்துக்கொண்டிருந்தார் தெரியுமா? பிரிட்டனில் ஆயிரக்கணக்கானவர்களிடம் கைப்பேசிச் செயலி வழியாக அவ்வப்போது மனநிலையைக் கேட்டுப் பதிவு செய்த தரவை வைத்து, பீட்டர் டோல்டன், ஜார்ஜ் மெக்கெரன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2018இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ஆட்டம் முடிந்த முதல் ஒரு மணி நேரத்தில், தோல்வி தரும் வருத்தம் வெற்றி தரும் மகிழ்ச்சியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இத்தனைக்கும் அது எல்லாத் தோல்விகளையும் சேர்த்துப் பார்த்த கணக்கு. ஜெயிப்போம் என்று நிச்சயமாக நம்பி உட்கார்ந்தவருக்கு? விளக்கு எரிந்தும் சாறு வராத குரங்கின் நிலைமை. அந்த நிலையில், தான் காசு போட்டுக் கூட்டிவந்த தங்கை கணவன் பக்கத்தில் எகிறிக் குதிக்கிறான், தெரிந்த முகங்கள் திரும்பிப் பார்க்கின்றன, ஊழியர் வந்து கூட்டிப்போகிறார். வருடக்கணக்காக அதே இடத்தில் உட்காருகிறவர் என்றால், அடுத்த மேட்சுக்கு அவர் அந்த வரிசைக்காரர்களுக்கு நடுவில்தான் போய் உட்கார வேண்டும். அதுவரைக்கும்கூட அவர் பொறுத்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆட்டம் முடிந்து உங்களுக்காகக் காத்திருந்து வீட்டுக்குக் கூட்டி வந்திருக்கிறாரே. படம்தான் அவரை உடைத்தது. அது விழுந்ததும் ரசிகர் குழுவில் இல்லை, மாமியார், பிள்ளைகள், சித்தி, பெரியப்பா எல்லோரும் இருக்கும் குழுவில்.

மனைவியின் கோபமும் கால்பந்து பற்றியது அல்ல. அவர் பார்த்தது, தன் அண்ணனைத் தன் கணவர் ஊர் சிரிக்க வைத்ததை.

என்ன செய்யலாம்? குழுவில் போட்ட படத்தை இன்னும் அழிக்கவில்லை என்றால் இன்றைக்கே அழித்துவிடுங்கள். பழைய பதிவு எல்லோருடைய போனிலிருந்தும் போகாமல் இருக்கலாம், பரவாயில்லை. மன்னிப்பை நேரில் கேளுங்கள். போனில் குறுஞ்செய்தி வேண்டாம், வீட்டாரை நடுவில் தூது அனுப்ப வேண்டாம். பேச்சு இவ்வளவு இருந்தால் போதும்: "மச்சான், கோல் விழுந்ததும் குதிச்சதுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியல. ஆனா அந்தப் படத்தைப் போட்டது தப்பு. வேணும்னுதான் போட்டேன், போட்டிருக்கக் கூடாது." இதற்கு மேல் 'நீங்களும்தான் போன வருஷம் என்னைக் கிண்டல் பண்ணீங்க' என்று ஒரு வால் சேர்த்தால் எல்லாம் பாழ். கிண்டல் செய்திருப்பார், எனக்குத் தெரியும், பெரிய அணி ரசிகர்கள் எல்லோரும் செய்வார்கள். அந்தக் கணக்கை இந்தப் பேச்சில் தீர்க்காதீர்கள்.

படம் குடும்பத்தார் முன்னால் விழுந்ததால், அதே குழுவில் ஒரு வரி போடுவதும் நியாயம். வளவளவென்று வேண்டாம். 'மச்சானை வைத்துக் கிண்டல் செய்தது சரியில்லை, நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்' என்ற அளவில், நேரில் பேசி முடித்த பிறகு.

அவர் உடனே சிரித்துப் பேசிவிடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் அணி அடுத்த மேட்சை ஜெயிக்கட்டும், பாதி வேலையை அதுவே செய்துவிடும். அந்த மேட்சில் நீங்கள் அவர் அணிக்காகக் கைதட்டுவதுபோல் நடிக்கவும் வேண்டாம். இத்தனை வருடம் பழகியவருக்கு அது புரியாமல் போகாது. அவரே அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், நடுவர், ஆஃப்சைடு, கார்னர் கொடுத்தது சரியா என்று அவர் போகும் வழியிலேயே போங்கள். 'அது கார்னரே இல்லை' என்று அவர் சொன்னால், இருக்கலாம் என்று விட்டுவிடுங்கள். கோல் கணக்கில் சேர்ந்துவிட்டது, உங்களுக்கு நஷ்டமில்லை.

இதற்காக உங்கள் கொண்டாட்டத்தைச் சுருக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் அணியின் ரசிகர்களைத் தேடிப் போங்கள். இத்தனை வருடத் தோல்விகளைச் சேர்ந்து தின்றவர்களோடு உட்கார்ந்து அந்த கோலை முதல் பாஸிலிருந்து திரும்பத் திரும்பப் பேசுங்கள். கார்னர் அடித்தவன் பந்தை வைப்பதற்கு முன் எந்தப் பக்கம் பார்த்தான், ஹெட்டர் அடித்தவனை யார் மார்க் செய்யாமல் விட்டார்கள் என்று. அவர்களோடு பேசும்போது எதிரணியின் தலையில் கைவைத்த முகம் எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

கடைசியாக உடம்பு. இதில் நான் இதய மருத்துவர் இல்லை, ஆனால் விளையாட்டாக எடுத்துக்கொள்ளும் விஷயமும் இல்லை. 2006 உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தபோது மியூனிக் பகுதியில் எடுத்த கணக்கில், ஜெர்மனி ஆடிய நாட்களில் இதயக் கோளாறுக்கான அவசர அழைப்புகள் மற்ற நாட்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேல் இருந்தன. ஆண்களிடம் மூன்று மடங்குக்கும் மேல். ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் அது உச்சம். ஏற்கெனவே இதய நோய் இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். தோல்வியா வெற்றியா என்று இதயம் பார்ப்பதில்லை, பதற்றத்தைத்தான் பார்க்கிறது.

அதனால் மேட்ச் பார்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை. ரத்த அழுத்தம் இப்போது கட்டுக்குள் இருக்கிறதா என்று அடுத்த ஆட்டத்துக்கு முன் உங்கள் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மேட்ச் பார்த்தால் எந்த அளவுக்குக் கொந்தளிப்பீர்கள் என்பதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். மேட்ச் நாளில் மாத்திரையைத் தவறவிடாதீர்கள். அன்றைக்குச் சிகரெட்டும் மதுவும் வேண்டவே வேண்டாம். நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, திடீர் வியர்வை, மூச்சுத் திணறல் என்று எது வந்தாலும் இன்னும் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்று உட்கார்ந்திருக்காமல் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

குரலுக்கு ஓய்வுதான் மருந்து. நிறையத் தண்ணீர் குடியுங்கள். சத்தமாகப் பேச முடியவில்லை என்று கிசுகிசுத்துப் பேசாதீர்கள், அதுவும் தொண்டையை வருத்தும். மச்சானிடம் பேசப் போகும்போது சாதாரணக் குரலில், குறைவாகப் பேசினாலே போதும். மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு போகவில்லை என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.